காற்று ஒன்று, கம்பி இரண்டு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள நார்த்ஃபீல்டு, ‘பசுக்கள், கல்லூரிகள், மனநிறைவு’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். காற்றாலையையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடலாம். அங்குள்ள கார்ல்டன், செயின்ட் ஓலாஃப் கல்லூரிகள் இரண்டுமே சொந்தமாகக் காற்றாலை நிறுவியவை.

முந்திக்கொண்டது கார்ல்டன். 2004-ல் 1.65 மெகாவாட் காற்றாலையை நட்டது. இவ்வளவு பெரிய காற்றாலைக்கு ஓர் அமெரிக்கக் கல்லூரி உரிமையாளர் ஆனது அதுவே முதல் முறை. ஆனால், அந்த மின்சாரம் கல்லூரிக்குள் வரவில்லை. எக்ஸல் எனர்ஜி நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, பொது மின்தொகுப்பில் கலந்தது. விடுதி விளக்குகள் வழக்கம்போல விலைக்கு வாங்கிய மின்சாரத்தில் எரிந்தன.

2006-ல் செயின்ட் ஓலாஃபும் அதே திறனில் ஒன்றை நிறுவியது. ஆனால், கம்பியை நேராக வளாகத்துக்கு இழுத்துக்கொண்டது. காற்று வீசினால் வெளியிலிருந்து வாங்குவது குறையும். ஓய்ந்தால் மின்தொகுப்பு கைகொடுக்கும். கல்லூரியின் தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கிடைத்தது. இதில் லாபக் கணக்கும் உண்டு. விற்கும் யூனிட்டுக்குக் கிடைப்பது மொத்த விலை. தானே செலவழிக்கும் யூனிட்டால் மிச்சமாவதோ சில்லறை விலை. 2011-ல் வந்த கார்ல்டனின் இரண்டாவது காற்றாலை வளாகத்தோடு நேரடியாக இணைக்கப்பட்டதில் வியப்பில்லை.

செயின்ட் ஓலாஃபின் மீதித் தேவைக்கு என்ன வழி? மினசோட்டாவில் 2013-ல் வந்த சட்டம், பலர் சந்தா கட்டிப் பங்குபெறும் சூரிய மின் பண்ணைகளுக்குக் கதவு திறந்தது. கல்லூரி அத்தகைய பண்ணைத் திட்டத்தில் சேர்ந்தது. 2016-ல் தன் மின்சாரம் முழுவதும் கார்பன் அற்றது என்று அறிவித்தது.

ஆனால், காற்றில்லாத இரவில் அந்த வளாகத்துக்கு வருவது, அந்த நேரத்தில் மின்தொகுப்பில் இருக்கும் மின்சாரம்தான். அதில் நிலக்கரியின் பங்கும் இருக்கும். எனவே, இத்தகைய ‘நூறு சதவீதம்’ பெரும்பாலும் ஆண்டுக் கணக்கு. உற்பத்தியையும் சந்தாவையும் கூட்டி, செலவோடு நேர்செய்வது. மின்சாரம் பசுமையானது என்று காட்டும் சான்றிதழைத் தனியாகவும் விற்கலாம். அதை ஒருவர் வேறொருவருக்கு விற்றுவிட்டால், அந்தப் பெருமை வாங்கியவருக்கே போய்விடும்.

இந்தக் கணக்கு இனி இன்னும் முக்கியம். கார்ல்டன் தன் பழைய நீராவி முறையைக் கைவிட்டு, நிலத்தடி வெப்பத்தை மின் பம்புகளால் இழுத்துக் கட்டடங்களைச் சூடாக்குகிறது. குளிர்கால இரவுகளில் மின்தேவை கூடும். அப்போது சூரியன் உதவாது. ஒரு கல்லூரி ‘முழுவதும் பசுமை மின்சாரம்’ என்று சொன்னால் நாம் கேட்க வேண்டியவை மூன்று: கம்பி எங்கே போகிறது, சான்றிதழ் யாரிடம் இருக்கிறது, கணக்கு ஆண்டுக்கா, மணிக்கா?