நிலமும் உணவும் – 9: மலையின் இருபுறமும் கள்

இத்தாலியின் தஸ்கனி நிலப்பகுதியில் சாஞ்சியோவேசே என்னும் கறுப்புத் திராட்சையிலிருந்து வடிக்கப்படும் கியாந்தி என்ற சிவப்பு ஒயினைச் சென்ற இதழ் விளக்கியது. அதன் விளைநில எல்லை 1716-ஆம் ஆண்டிலேயே மூன்றாம் கோசிமோவின் ஆணையால் வரையறுக்கப்பட்டது. அந்த ஒயினின் புளிப்பும், திராட்சைத் தோலிலிருந்து இறங்கும் டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் கரியில் வாட்டிய மாட்டிறைச்சியின் கொழுப்பை நாவிலிருந்து வழித்தெடுப்பதால், ஒன்றில்லாமல் மற்றொன்றை உண்பதை அந்நாட்டார் குறையாகவே கருதுகின்றனர். ஒரு நிலத்தின் பானமும் உணவும் இவ்வாறு ஒன்றையொன்று பார்த்து வளர்வதற்குத் தமிழகத்தில் சான்று தேடினால், தென்காசியின் பனங்காடுகளும் அவற்றுக்கு மேற்கே நிற்கும் மலையுமே முதலில் கண்ணில் படுகின்றன.

பனையின் பாளையை, அதாவது மலரும் முன் உள்ள பூங்கொத்தை, கடிப்பு என்னும் கருவியால் நசுக்கிப் பதப்படுத்தி, அதன் நுனியைக் காலையும் மாலையும் மெல்லிய சீவலாகச் சீவிவரும்போது இனிப்பான சாறு சொட்டத் தொடங்குகிறது. அதை ஏந்தும் மண்கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால், காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைச் சாராயப் பொருளாக மாற்றுவது தடைபட்டுச் சாறு பதநீராகவே நிற்கும். சுண்ணாம்பு இல்லையெனில் மரத்திலிருக்கும்போதே நொதிக்கத் தொடங்கி, சில மணி நேரத்தில் நுரைத்துப் புளித்த கள்ளாகி, மேலும் நாட்பட்டால் காடியாகும். இரண்டும் ஒரே பாளையின் சாறுதான். இடையில் நிற்பது ஒரு கைச் சுண்ணாம்பு மட்டுமே.

கள்ளில் டானின் இல்லை. ஆகவே அது உணவோடு இசையும் வழி கியாந்தியின் வழியன்று. நொதிப்பால் எழும் கரியமில வாயுவின் சுறுசுறுப்பும், லாக்டிக் அமிலத்தின் புளிப்பும், மாறாமல் மிஞ்சிய சிறிது இனிப்பும் அதன் கருவிகள். மிளகாய்க் காரத்தை மிகுதியான ஆல்கஹால் கூட்டிவிடும் என்பதால், நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கே ஆல்கஹால் கொண்டதும் இனிப்பு எஞ்சியதுமான கள், காரக் குழம்புக்குச் சிவப்பு ஒயினைவிடப் பொருத்தமானது என்றே சொல்ல வேண்டும். கருவாடும் காரமான மீன்குழம்பும் அதற்குத் துணையாக அமைவது இதனால்தான்.

செங்கோட்டையைக் கடந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்குச் சென்றால் கேரளம் தொடங்குகிறது. அம்மாநிலத்துக் கள்ளுக்கடைகளில் கள் பெரும்பாலும் தென்னையினுடையது. அங்கே வேகவைத்த கப்பையும், குடம்புளி இட்ட மத்திக் குழம்பும் கள்ளோடு வருகின்றன. கப்பை என்னும் மரவள்ளிக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள். சுவையற்ற மாவுக்கிழங்கும், எண்ணெய்ச் சத்து மிக்க மீனும், புளித்த பானமும் சேர்ந்த அந்த இணைவு சட்டத்தின் துணையால் நிலைத்தது. 1996-இல் சாராயத்தைத் தடைசெய்த கேரளம் கள்ளை விட்டுவைத்தது. தமிழ்நாடோ 1987 ஜனவரி 1 முதல் இரண்டையும் சேர்த்தே மூடிவிட்டது.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கமே இருந்ததால், 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் வந்த மதுவிலக்கு தென்காசியைச் சேர்ந்தபோதும் செங்கோட்டையைத் தொடவில்லை. ஒரு சில மைல் இடைவெளியில் பானத்தின் தலையெழுத்து மாறியது. குடும்ப வறுமையைக் கண்டு அந்தத் தடையை வரவேற்றவர்களின் நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் காய்ச்சி வடித்த சாராயத்தையும் மரத்திலிருந்து இறங்கும் சாற்றையும் ஒரே தட்டில் வைத்ததால் ஓர் உணவு மரபு தன் பாதியை இழந்தது என்பதும் மறுக்க முடியாதது. குற்றாலம் வருவோர் தேடிச் செல்லும் பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளின் மிளகு தூக்கலான நாட்டுக்கோழி வறுவலும் சால்னாவும் புளித்த பானத்தைக் கேட்கும் உணவுகளே. இலைக்கருகே அங்கு இருப்பது தண்ணீர்.

எஞ்சிய இனிப்புப் பாதி தன்போக்கில் வேறு துணைகளைத் தேடிக்கொண்டது. பதநீரைக் குருத்தோலையை மடித்துச் செய்த பட்டையில் ஊற்றி, அதில் நுங்கையோ நறுக்கிய மாங்காயையோ இட்டுக் குடிக்கும்போது, மாங்காயின் புளிப்பு கள் தரவேண்டிய புளிப்பின் இடத்தை நிரப்புகிறது. பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்து எடுக்கும் கருப்பட்டி, உளுந்தங்களியில் நல்லெண்ணெயோடு சேர்கிறது. உளுந்தின் வழுவழுப்பையும் எண்ணெயின் மெல்லிய கசப்பையும் தாங்க வெள்ளைச் சர்க்கரையால் ஆகாது. கருப்பட்டியின் கருகிய மணமும் தாது உப்புகளின் கரிப்புமே அதற்கு வேண்டும். பெண்பிள்ளை பருவமெய்தும்போது இக்களியைக் கொடுக்கும் வழக்கத்தால் இந்த இணைவு திருநெல்வேலிச் சீமையின் வீடுகளில் இன்றும் அறுபடாமல் இருக்கிறது.