துணை விளக்குக்கு இடம் எது?

நம் சங்கத்தின் பிக்கப் வண்டிக்குத் துணை விளக்குகள் வேண்டும் என்று விவசாய உறுப்பினர்கள் கேட்டபோது, அதனை மறுத்துரைத்தவர் ஒருவருமில்லை. கோத்தகிரிச் சரிவுகளில் அந்தியில் ஏற்றப்படும் காரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோசும் விடியுமுன் மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கியாக வேண்டும். இடையிலுள்ளது ஏறத்தாழ 33 கிலோமீட்டர் மலைப்பாதை. மூடுபனி இறங்கிவிட்டால் கொண்டை ஊசி வளைவில் நாலடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியாது. யானைகள் நடமாடும் பாதையும் அதுவே. ஆகவே விளக்குகள் வாங்கப்பட்டன. அவற்றை எவ்விடத்தில் பொருத்துவது என்ற கேள்வியை மட்டும் அன்று நாம் எவரும் கேட்கவில்லை.

பொருத்தியவர் தமக்குத் தெரிந்தபடி, கேபின் கூரையின்மேல் வரிசையாக நான்கு எல்.இ.டி. விளக்குகளை ஏற்றிவிட்டார். பார்வைக்குக் கம்பீரமாகத்தான் இருந்தது. நாமும் மகிழ்ந்தோம்.

சென்ற மார்கழியில் ஓர் இரவு, வாழைத்தார் ஏற்றிக்கொண்டு அவ்வண்டி சிறுமுகையிலிருந்து மேட்டுப்பாளையம் வந்துகொண்டிருந்தது. எதிரே, பாவுக்கும் ஊடைக்கும் உரிய பட்டு நூலைச் சங்கத்தில் பெற்றுக்கொண்டு, நம் நெசவாள உறுப்பினர் ஒருவர் மொபெட்டில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். கூரை விளக்குகள் நான்கும் எரிந்தன. அவருக்குச் சாலை மறைந்தது, ஓரம் மறைந்தது, வெள்ளை ஒளி ஒன்றே நின்றது. சாலையோரப் பள்ளத்தில் விழுந்தார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வலது மணிக்கட்டு முறிந்தது. நாடாவைச் செலுத்தக் கயிறு இழுக்கும் கை அது. ஒன்றரை மாதம் அவர் தறி நின்றது. நூலில் பாதி சேறாயிற்று.

நிர்வாகக் குழுவினர் சென்று பார்த்தபோது அவர் சொன்னது இவ்வளவே: "வண்டியும் நம்முடையதுதானுங்க, விளக்குக்கு என் பங்குப் பணமும் போயிருக்குதுங்க. யாரைக் குறை சொல்றது?"

அந்தச் சொல்லுக்குப் பின்னர்தான் நாம் இப்பொருளை ஊன்றி ஆராயத் தலைப்பட்டோம். கண்டறிந்தவற்றைப் பிற சங்கத்தாரும் பயன்கொள்ளுமாறு இங்கே எழுதுகின்றோம்.

கூரைமேல் வைப்பது ஏன் தகாது?

உயரத்தில் வைத்தால் ஒளி நெடுந்தூரம் எட்டும் என்பது பலருடைய எண்ணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் பொய்ம்மை விளங்கும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி விளக்கின் ஒளி கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்பது, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னே, அதன் வலப்புற விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவர் கண் இருக்குமானால், அக்கண் கூசலாகாது. இதுவே அவ்விதி சொல்லும் அளவு.

கூரை விளக்கு தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 8 மீட்டரில் ஒளியின் மேல்விளிம்பு ஒன்றரை மீட்டருக்கு இறங்க வேண்டுமானால், அது அரை மீட்டர் தாழ வேண்டும். அதே சரிவில் சென்றால் 32 மீட்டரில் அது தரையைத் தொட்டுவிடும். வண்டியின் சொந்த முகப்பு விளக்கு டிம்மில் காட்டும் தூரத்தையே அது தாண்டாது. ஆகவே பொதுச்சாலையில் கூரை விளக்கு இரண்டில் ஒன்றையே செய்யும்: எட்டிப் பாய்ந்து எதிரில் வருபவரைக் குருடாக்கும், அல்லது தாழ்ந்து நின்று பயனற்றுப் போகும்.

மூடுபனியில் அதன் தீமை இன்னும் பெரிது. பனியின் நுண்துளிகள் ஒளியை எத்திசையும் சிதறடிக்கின்றன. வந்த வழியே திருப்பியும் அனுப்புகின்றன. கூரையிலிருந்து புறப்படும் ஒளி ஓட்டுநரின் கண் பார்வை செல்லும் வழியை ஒட்டியே செல்வதால், சிதறிய ஒளி முழுதும் அவர் முகத்திலேயே வந்து விழுகிறது. அவர் காண்பது சாலையன்று, ஒரு வெள்ளைச் சுவரே. போனட்டின்மேல் விழுந்து மின்னும் ஒளியும் கண்ணை உறுத்தும்.

இவற்றோடு, ஒளியை ஒருமுகமாகப் பாய்ச்சும் ஸ்பாட் லைட்டும் தேடுவிளக்கும் வண்டியின் முன்புறத்தில் இருத்தல் கூடாது என்றும், தனிப்பட்ட சூழ்நிலைகளில் பதிவு அதிகாரியின் ஒப்புதலுடன் மட்டுமே இருக்கலாம் என்றும் அவ்விதிகளில் 111ஆம் விதி கூறுகின்றது.

முன்தடுப்புக் கம்பியில் வைக்கலாமா?

பம்பருக்கு முன்னே இரும்புக் கம்பி கட்டி, அதில் விளக்கைத் தொங்கவிடும் வழக்கம் நம்மிடையே பெரிதும் பரவியுள்ளது. இக்கம்பிகள்மேல் நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. மோதலில் நடந்து செல்பவருக்கும் வண்டியில் இருப்பவருக்கும் அவை இழைக்கும் தீங்கே காரணம். கம்பியே ஆகாது என்னும்போது அதில் விளக்குக்கு இடமேது? மேலும் பெரிய விளக்குகள் ரேடியேட்டருக்கு முன்னே நின்று காற்றைத் தடுத்தால், பாரத்துடன் மலையேறும்போது எஞ்சின் சூடேறும். முன்புற எண் பலகையை மறைப்பதும், திசை காட்டும் விளக்கை மறைப்பதும் குற்றமாகும்.

தகுந்த இடம்

பம்பரின் கீழ்ப்பகுதியே தகுந்த இடம். பல வண்டிகளில் அதற்கெனக் குழியும் விடப்பட்டிருக்கிறது. ஐக்கிய நாடுகளின் 48ஆம் எண் வாகன ஒழுங்குமுறை, இத்தகைய சிறு வண்டிகளின் முன்புற மூடுபனி விளக்குக்குத் தெளிவான அளவுகளைத் தந்திருக்கிறது. தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 80 சென்டிமீட்டருக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். டிம் விளக்கைவிட உயரக் கூடாது. வண்டியின் பக்கவிளிம்பிலிருந்து 40 சென்டிமீட்டருக்கு மேல் உட்புறம் தள்ளியிருத்தலும் ஆகாது.

இந்த அளவுகள் காரணமின்றி வகுக்கப்பட்டவை அல்ல. ஒளி தாழ்ந்து அகன்று செல்வதால் ஓட்டுநரின் பார்வை வழிக்கும் அதற்கும் இடைவெளி மிகுகிறது. சிதறிய ஒளி கண்ணுக்குத் திரும்புவது குறைகிறது. விளக்குகள் இரு ஓரங்களிலும் இருப்பதால் வெள்ளைக்கோடும் சாலையோரக் கல்லும் தெரிகின்றன. மூடுபனியில் மலைப்பாதையில் ஊர்ந்து வருபவருக்கு வேண்டுவது தூரத்துக் காட்சியன்று, ஓரம் எதுவென்ற அறிவே.

மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு சொல். பனித்துளி, ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியது. ஆதலின் மஞ்சளையும் வெள்ளையையும் அது ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கிறது. மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பவர் அதனை வைத்துக்கொள்ளலாம். ஆனால் விளக்கின் நிறத்தைவிட அது நிற்கும் இடமே பெரிது.

பாரம் ஏற்றிய பின் பாருங்கள்

நாம் செய்த தவறுகளில் பெரியது இதுவே. விளக்கின் கோணத்தை வெறும் வண்டியில் சரிபார்த்தோம். நம் வண்டியோ பாரம் சுமக்கும் வண்டி. லோடு ஏறியதும் பின்பக்கப் பட்டைகள் அமுங்குகின்றன, மூக்கு நிமிர்கிறது, ஒளியும் அதனோடு எழும்புகிறது.

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர் என்றும், லோடில் முன்புறத்தைவிடப் பின்புறம் ஏழரை சென்டிமீட்டர் கூடுதலாகத் தாழ்கிறது என்றும் கொள்வோம். அப்போது 10 மீட்டருக்கு 25 சென்டிமீட்டர் வீதம் ஒளி மேலெழும். 85 சென்டிமீட்டர் உயரத்திலுள்ள முகப்பு விளக்கின் டிம், 10 மீட்டரில் 10 சென்டிமீட்டர் தாழும்படி முன்பு திருத்தப்பட்டிருந்தது. இப்போது அது அதே தூரத்தில் 15 சென்டிமீட்டர் உயரும். 40 மீட்டரில் 60 சென்டிமீட்டர் உயர்ந்து, தரையிலிருந்து 145 சென்டிமீட்டரில் நிற்கும். மொபெட்டில் அமர்ந்திருப்பவரின் கண் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது! டிம் போட்டுவிட்டோம் என்று நம் ஓட்டுநர் நிம்மதியாக இருப்பார். எதிரே வருபவருக்கோ அது டிம் அன்று.

முகப்பு விளக்கைத் தாழ்த்தும் திருகு பல வண்டிகளில் ஓட்டுநர் கையெட்டும் இடத்திலேயே உள்ளது. லோடு ஏறியதும் அதைத் திருப்பிவைக்க வேண்டும். நாம் பொருத்தும் துணை விளக்குக்கு அத்தகைய திருகு இராது. ஆகையால் வழக்கமான லோடை ஏற்றி, டயர்களுக்குச் சரியான காற்றும் அடைத்து, சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் முன்னே வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, ஒளியின் மேல்விளிம்பு அதற்கு 20 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருத்துங்கள். லோடு இறங்கினால் ஒளி இன்னும் தாழும். அதனால் ஒருவருக்கும் கேடில்லை.

கம்பியும் பியூஸும்

55 வாட் விளக்குகள் இரண்டு, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 9 ஆம்பியருக்குச் சற்று மேலாக மின்சாரம் இழுக்கும். முகப்பு விளக்குக் கம்பியை அறுத்து அதில் ஒட்டுப் போடுவது தீயை விலைக்கு வாங்குவதாகும். பேட்டரியிலிருந்து தனிக் கம்பி எடுத்து, பேட்டரிக்கு அருகிலேயே 15 ஆம்பியர் பியூஸ் வைத்து, ரிலே வழியாக விளக்குக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ரிலேயில் 30 என்று பொறித்த முனை பேட்டரிக்கு; 87 விளக்குக்கு; 85, 86 சுவிட்சுச் சுற்றுக்கு. இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் கம்பி போதும். எல்.இ.டி. விளக்கு மின்சாரம் குறைவாகவே இழுக்கும். அதற்கேற்பப் பியூஸும் சிறியதாக இருக்கலாம். எதுவாயினும் பியூஸ் இல்லாத கம்பியை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பின்புற வேலை விளக்கு

இருட்டில் தோட்டத்தில் நின்று லோடு ஏற்றுவோர்க்கு விளக்கு வேண்டுமென்பது நியாயமே. அதனைக் கேபினின் பின்சுவரில், லோடு தளத்தை மட்டும் நோக்கும்படி தாழ்த்திப் பொருத்தி, தனிச் சுவிட்சு வைக்கலாம். ஓடும் வண்டியில் அது எரியலாகாது. பின்னே வருபவர் நம் வண்டியில் காணவேண்டியது சிவப்பு ஒளி. வெள்ளை ஒளி பின்னோக்கி எடுக்கும்போதும், எண் பலகைக்கும் மட்டுமே உரியது.

நாம் செய்த முடிவு

பொதுக்குழு கூடிற்று. கூரை விளக்குகளைக் கழற்றிவிடுவதென்றும், பம்பரின் கீழ்ப்பகுதியில் இரண்டு மூடுபனி விளக்குகள் பொருத்துவதென்றும், பனியும் கனமழையும் இல்லாத வேளையில் அவற்றை எரிப்பதில்லை என்றும் தீர்மானிக்கப்பட்டது. மலைவழி உறுப்பினர் சிலர் முதலில் மனம் ஒப்பவில்லை. வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு யானைக்கு முன் போய் நிற்பதா என்று கேட்டனர். அக்கேள்வியை நாம் புறக்கணிக்கவில்லை. பனியில்லாத இரவில், எதிரே எவரும் வராத நேரத்தில் தூரப் பார்வைக்கு வண்டியின் சொந்த ஹை பீம் இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துச் சுத்தமாக வைத்தாலே அது போதிய வெளிச்சம் தரும். பனியிறங்கிய இரவிலோ எந்த விளக்கும் தூரத்தைக் காட்டாது. அப்போது வேகத்தைக் குறைப்பதே காப்பு. 40 கிலோமீட்டர் வேகத்தில்கூட வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் நகர்ந்துவிடுகிறது என்பதை எண்ணிப்பாருங்கள்.

புதிய விளக்குகளைச் சோதிக்கும் இரவில் வாழைத்தார் ஏற்றிய வண்டியைச் சங்க வாசலில் நிறுத்தினோம். எட்டு மீட்டர் முன்னே மொபெட்டில் அமர்ந்து பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. மணிக்கட்டில் கட்டுப் பிரித்துச் சில நாளேயான அந்த நெசவாள உறுப்பினரே முன்வந்தார். விளக்கு எரிந்தது. சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "ஓரத்துக் கல்லு தெரியுதுங்க, உங்க மூஞ்சியும் தெரியுதுங்க" என்றார்.

உங்கள் சங்க வண்டியையும் ஓர் இரவு லோடுடன் நிறுத்தி, எதிரே நீங்களே சென்று நின்று பார்க்குமாறு வேண்டுகின்றோம். எதிரே வருபவரும் பெரும்பாலும் நம்மில் ஒருவரே.