எண்ணெய்க் கடனுக்குக் கப்பல் கைதாவது எப்படி?

எட்டயபுரத்தில் ஒரு லாரிக்காரர் டீசல் பாக்கி வைத்தால், பங்க்காரர் அவர் வீட்டுக்கே போய்க் கேட்கலாம். கப்பல் விஷயம் அப்படியில்லை. உரிமையாளர் கிரேக்கத்தில் இருப்பார், கொடி பனாமாவுடையது, வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர் சிங்கப்பூரில் இருப்பார். எண்ணெய் நிரப்பிக்கொண்டு தூத்துக்குடியை விட்டுப் போன கப்பல் மறுபடி வராமலே போகலாம். அதனால்தான் கடல்சார் சட்டம் கப்பலையே பிரதிவாதியாக்க இடம் கொடுக்கிறது.

இந்தியாவில் இதற்கு இப்போதுள்ளது 2017ஆம் ஆண்டின் அட்மிரால்டி சட்டம். 2018 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை 1840, 1861, 1890ஆம் ஆண்டுகளின் பிரிட்டிஷ் சட்டங்களே செல்லுபடியாயின. எந்தெந்தப் பாக்கிக்காகக் கப்பலைப் பிடிக்கலாம் என்று சொல்லும் 4ஆவது பிரிவில் எரிபொருளும் இருக்கிறது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் நிற்கும் கப்பலென்றால் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

எண்ணெய் கொடுத்தவர் ஆர்டர், பில், கப்பல் இன்ஜினீயர் கையெழுத்திட்ட ரசீது ஆகியவற்றோடு வழக்குத் தொடுப்பார். முகாந்திரம் இருந்தால், எதிர்த்தரப்பைக் கேட்கும் முன்பே நீதிமன்றம் கைது உத்தரவு போடலாம். உத்தரவு துறைமுகத்துக்கும் சுங்கத்துறைக்கும் போய்ச் சேர்ந்ததும் கப்பல் நகர முடியாது. உரிமையாளர் பணமோ வங்கி உத்தரவாதமோ கட்டினால் கப்பல் விடுபடும். வழக்கு அந்தப் பிணையின் மேல் நடக்கும். கைது தவறென்று தெரிந்தால் நஷ்டஈடு தருவதாக எழுதிக் கொடுக்கும்படி வழக்குப் போட்டவரை நீதிமன்றம் கேட்கலாம்.

எண்ணெய் நிரப்பிய கப்பல் கிடைக்காவிட்டால், அதே உரிமையாளரின் வேறு கப்பலைப் பிடிக்கவும் வழியுண்டு. 2025 மே மாதம் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கிய பிறகு, இழப்பீட்டுக்காக அதே குழுமத்தின் இன்னொரு கப்பலை விழிஞ்ஞத்தில் பிடித்துவைக்கக் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

சிக்கல் வருவது, எண்ணெய்க்குச் சொன்னவர் உரிமையாளராக இல்லாதபோது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தவர் வாங்கிய எண்ணெய்க்கு, உரிமையாளர் பொறுப்பேற்காதவரை, பொதுவாக அந்தக் கப்பலைப் பிடிக்க முடியாது. 2014 நவம்பரில் இடையில் நின்று கப்பல் எண்ணெய் விற்ற டென்மார்க்கின் ஓ.டபிள்யூ. பங்கர் நிறுவனம் நொடித்தபோது, அதன் தரப்பும் நேரில் எண்ணெய் நிரப்பியவரும் என ஒரே எண்ணெய்க்கு இரண்டு பேர் பணம் கேட்டு நின்றார்கள். பல நாட்டு நீதிமன்றங்கள் அதைத் தீர்க்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, வரிசை. உரிமையாளர் கைவிட்ட கப்பல் ஏலத்துக்குப் போனால், முதல் பங்கு மாலுமிகளின் சம்பளத்துக்கு. பிறகு உயிரிழப்பு, காயத்துக்கான இழப்பீடு, மீட்புச் செலவு, துறைமுகக் கட்டணம், பிற சேதங்கள். அடுத்து, பதிவு செய்த அடமானம். அதற்குப் பிறகே எண்ணெய் பாக்கி. எரிபொருள் கடனுக்கு முன்னுரிமைப் பற்று (உரிமையாளர் மாறினாலும் கப்பலைவிட்டு நீங்காத முதல் உரிமை) கிடையாது என்பதை உச்ச நீதிமன்றம் 2017இல் கிறிசோமார் வழக்கில் தெளிவாக்கியது. அமெரிக்கச் சட்டம் அந்தப் பற்றைத் தருகிறது. நம் சட்டம் தரவில்லை. மாதக்கணக்கில் சம்பளமின்றிக் கப்பலிலேயே கிடக்கும் மாலுமிக்கு முதலிடம் தந்திருப்பதுதான் நியாயம்.

கரிசல் மண்ணின் மிளகாயும் கோவில்பட்டித் தீப்பெட்டியும் தூத்துக்குடி வழியாகவே கப்பலேறுகின்றன. கப்பல் கைதானால் அதிலுள்ள சரக்கும் கூடவே நிற்கும். ஆகவே சரக்கு அனுப்புவோர் காப்பீட்டில் தாமத இழப்பு சேருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கப்பல் வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஒப்பந்த நகலையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்: சம்பளப் பாக்கிக்கான அந்த முன்னுரிமை 2 ஆண்டுகளில் காலாவதியாகிவிடும்.