மீண்டும் மீண்டும் தேவதாஸ்

பழைய படம் ஒன்றை மறுபடி எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தவுடனே நம்மிடையே இரு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. "முன்னையதற்கு ஈடாகுமா?" என்று ஒரு சாரார் செய்தியைக் கேட்கும்போதே தலையை அசைக்கின்றனர். பழம் படத்தின் மங்கிய ஒளியையும் கரகரத்த ஒலியையும் பொறுக்கமாட்டாத மற்றொரு சாரார், புதியது எப்பொழுது வரும் என்று காத்திருக்கின்றனர். படத்தைப் பார்க்குமுன்னரே இரு சாராரும் தீர்ப்பெழுதி முடித்துவிடுவதுதான் இதிலே வேடிக்கை. நேயர்களே, இவ்வழக்கைச் சற்று நிதானமாக விசாரித்துப் பார்ப்போம். சாட்சிக்கு நம்மிற் பெரும்பாலோர் அறிந்த கதை ஒன்றையே அழைக்கலாம். தேவதாஸ் கதையைச் சொல்கிறேன்.

சரத் சந்திர சட்டோபாத்தியாயர் இந்த வங்க நாவலைத் தம் இளமையில் எழுதினார்; அது நூலாக வெளிவந்தது 1917 இல். கதை பெரிதன்று. சமீன்தார் வீட்டுப் பிள்ளை தேவதாஸ். அயல் வீட்டுப் பெண் பார்வதி. இருவரும் ஒன்றாக விளையாடி வளர்ந்தவர்கள். பெண் வீட்டார் தமக்கு நிகரல்லர் என்று பிள்ளை வீட்டார் மறுத்துவிடுகின்றனர். மானத்தையும் பாராது நள்ளிரவிலே பார்வதி அவன் அறைக்கு வந்து கேட்கிறாள். அவனோ துணிவின்றித் தடுமாறுகிறான். அவன் மனம் தெளிந்து திரும்பும்போது காலம் கடந்துவிடுகிறது. மனைவியை இழந்த முதிய சமீன்தார் ஒருவருக்கு அவள் வாழ்க்கைப்படுகிறாள். அவன் கல்கத்தாவிலே குடியில் விழுகிறான். சந்திரமுகி என்னும் கணிகை அவனை நேசித்துத் தன் தொழிலையே துறக்கிறாள். சாகுமுன் ஒருமுறை உன் வாயிலுக்கு வருவேன் என்று பார்வதிக்குக் கொடுத்த வாக்கை மாத்திரம் தேவதாஸ் காப்பாற்றுகிறான். இரவோடிரவாக மாட்டுவண்டியில் வந்து, அவள் மாளிகைக்கு முன்னே மரத்தடியிற் கிடந்து, அவள் அறியாமலே உயிர் விடுகிறான்.

இந்தக் கதாநாயகன் எதையும் சாதிப்பவன் அல்லன். செய்யவேண்டிய வேளையிலே செய்யத் தவறியவன். அந்த ஒரு வேளையை எண்ணி எண்ணியே மாய்பவன். வீரமும் வெற்றியுமே கொட்டகையை நிறைக்கும் என்று நம்பும் படத் தொழிலார் இவனைக் கண்டு ஓடியிருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. பேசாப் படக் காலத்திலேயே, 1928 இல், நரேஷ் மித்ரா இக்கதையைப் படமாக்கினார். 1935 இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்துக்காகப் பிரமதேஷ் பருவா வங்க மொழியில் அதைப் பேசும் படமாக எடுத்துத் தாமே தேவதாஸாக நடித்தார். மறு ஆண்டில் அவரே ஹிந்தியில் எடுத்தபோது தேவதாஸ் வேடத்தைத் தாங்கியவர் குந்தன்லால் சைகல். 1953 இல் வேதாந்தம் ராகவையா தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தார். 1955 இல் பிமல் ராய் மீண்டும் ஹிந்தியில் எடுத்தார். இந்த வரிசை 2002 ஐயும் 2009 ஐயும் தாண்டி வந்திருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி. இவற்றுள் மூலப்படம் எது?

நம் வீட்டு முதியவர்களைக் கேட்டால் ஐயமின்றிச் சொல்வார்கள்: தேவதாஸ் என்றால் நாகேசுவரராவ், பார்வதி என்றால் சாவித்திரி. கண்டசாலாவின் குரலில் அந்தப் படத்துப் பாடல்கள் வானொலிப் பெட்டி வழியாக எத்தனையோ வீடுகளுக்குள் வந்து, படத்தைப் பாராதவர்களையும் உருக்கியிருக்கின்றன. இசையமைத்த சி. ஆர். சுப்பராமன் படம் வெளிவருமுன் 1952 இலேயே காலமாகிவிட்டார். எஞ்சிய வேலையை விசுவநாதனும் ராமமூர்த்தியும் முடித்துக் கொடுத்தார்கள். குடியில் மயங்கிய கண்களைக் காட்டுவதற்காக நாகேசுவரராவின் காட்சிகளை இரவு வேளைகளிலே எடுத்தார்கள் என்று சொல்வர். அப்படத்தை ஒரு பிரதியென்று எவர் சொன்னாலும் அம்முதியவர்களுக்குக் கோபம் வரும். ஆயினும் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், அது பருவாவின் படத்துக்குப் பதினெட்டு ஆண்டுகள் பிந்தியது. மறுபடி எடுத்த படம் மூலத்துக்கு ஈடாகாது என்று வாதிடுவோரே, மறுபடி எடுத்த படம் ஒன்றைத்தான் மூலமாக நெஞ்சில் வைத்திருக்கிறார்கள்! நாம் எதை முதலிற் பார்த்தோமோ அதுவே நமக்கு மூலமாகிவிடுகிறது. அதைப் பார்த்த வயதும், அருகில் இருந்தவர்களும், அந்தப் படமாளிகையின் இருளும் படத்தோடு சேர்ந்துகொள்கின்றன. பின்னர் வரும் படம் பாவம், இத்தனையோடும் போட்டியிட வேண்டியிருக்கிறது.

மறுபடி செய்வது என்பதே நமக்குப் புதிதா? வான்மீகி சொல்லி முடித்த கதையைத்தான் கம்பர் எடுத்தார். யாழ்ப்பாணத்து இசைநாடக மேடையிலே நடிகமணி வைரமுத்து அரிச்சந்திர மயான காண்டத்தைப் பல நூறு முறை ஆடினார். சுடலையில் என்ன நடக்கும் என்பதை அறியாமலா சனங்கள் விடிய விடிய மணலில் இருந்தார்கள்? கதை தெரிந்ததனாலேதான் வந்தார்கள். இன்றைக்கு அவர் அந்த இடத்தை எப்படிப் பாடப்போகிறார் என்று கேட்கவே வந்தார்கள்.

ஆனால் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வழக்கின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. நேற்றைய கூத்து நேற்றோடு மறைந்துவிடும். இன்று ஆடுபவனுக்கு எதிரே நேற்று ஆடியவன் வந்து நிற்கமாட்டான். சினிமாவிலோ, இறந்துபோன நடிகனும் அதே இளமையோடு, அதே குரலோடு பக்கத்திலே நிற்கிறான். ஒவ்வொரு அசைவையும் நாம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மறுபடி எடுப்பவருக்கு இதைவிடக் கடுமையான நீதிமன்றம் கிடையாது. அந்த நீதிமன்றத்திலும் சாட்சிகள் காணாமற் போவதுண்டு. பருவாவின் 1935 ஆம் ஆண்டு வங்கப் படத்தின் முழுமையான பிரதி கிடைப்பதில்லை; பழுதுற்ற பிரதி ஒன்றே பங்களாதேஷ் ஆவணக் காப்பகத்தில் எஞ்சியது.

பருவா செய்தது என்ன? நாடக மேடையின் உரத்த பேச்சே திரையிலும் செல்வாக்குப் பெற்றிருந்த நாளிலே, அவர் வீட்டிலே பேசுவதுபோலத் தாழ்ந்த குரலிற் பேசி நடித்தார். கதையின் முடிவை நெருங்கும் வேளையில் அவர் செய்த ஒன்றைத் திரைப்பட வரலாறு எழுதுவோர் மறவாமற் குறிப்பிடுவர். நோயுற்ற தேவதாஸ் இரயிலிலே பார்வதியை நினைந்து அலறுகிறான். உடனே நெடுந்தொலைவில் உள்ள வீட்டிலே பார்வதி தடுமாறி விழுவதைக் காட்டுகிறார். இருவரையும் பிரித்த தூரத்தை வெட்டி ஒட்டும் கத்தரிக்கோலால் ஒரு கணம் இல்லாமற் செய்துவிட்டார். எழுத்தில் இதைச் செய்யமுடியாது. சினிமாவுக்கே உரிய வித்தை இது.

1936 ஆம் ஆண்டு ஹிந்திப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் பிமல் ராய். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அவரே இயக்குநராகி அதே கதையை எடுக்க வந்தார். பருவாவின் படத்தை உள்ளும் புறமும் அறிந்தவர் அவரைப்போல் வேறொருவர் இருந்திருக்க முடியாது. பார்த்தெழுத நினைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டே எழுதியிருப்பார். அவர் அப்படிச் செய்யவில்லை. பருவாவைத் தாண்டிச் சரத் சந்திரரிடம் போனார். அங்கே சரத் சந்திரரும் சொல்லாமல் விட்ட ஓரிடத்தைக் கண்டுகொண்டார்.

நாவலிலே பார்வதியும் சந்திரமுகியும் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. ஒருவன் பொருட்டு வாழ்வை இழந்த இரு பெண்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி காணாமலே கதை முடிந்துவிடுகிறது. பிமல் ராய் அவர்களை ஒருமுறை எதிர்ப்பட வைத்தார். கிராமத்துப் பாதை. பார்வதி பல்லக்கில் வருகிறாள். சந்திரமுகி கால்நடையாக எதிரே வருகிறாள். பார்வைகள் சந்திக்கின்றன. இவள் யார் என்று அவளுக்குத் தெரியாது; அவள் யார் என்று இவளுக்கும் தெரியாது. ஒரு சொல்லும் இல்லை, பின்னணி இசை மாத்திரமே. பல்லக்கு போய்விடுகிறது, நடந்தவள் நடந்துகொண்டே போகிறாள். பார்வதியாக நடித்தவர் சுசித்ரா சென். சந்திரமுகி நம் சென்னையிலிருந்து போன வைஜயந்திமாலா. நாட்டியத்தாற் புகழ் பெற்ற அவருக்கு, ஆடாமல் நடந்து செல்லும் இக்காட்சி எத்தகைய சோதனையாக இருந்திருக்கும்! இந்தப் படத்துக்காகத் துணை நடிகைக்குரிய ஃபிலிம்ஃபேர் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டபோது, தம் பாத்திரம் பார்வதிக்குத் துணையன்று, நிகரானது என்று சொல்லி அதை ஏற்க மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரியே. அந்தப் பாதையிலே இருவரையும் நிகராக நிறுத்தியதுதான் பிமல் ராயின் சாதனை. தேவதாஸாக நடித்த திலீப்குமாரின் பெருமையைப் பேச ஆட்கள் பலர் இருப்பதனால் நான் அதற்குள் நுழையவில்லை.

இப்படிச் சொல்லாமல் விட்டதைத் தேடாது, சொன்னதையே எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதினால் என்னாகும்? அமெரிக்காவில் ஒருவர் அதையும் செய்து பார்த்துவிட்டார். ஹிச்காக் 1960 இல் எடுத்த 'சைக்கோ' என்ற படத்தை, 1998 இல் கஸ் வான் சாண்ட் என்பவர் ஏறக்குறையக் காட்சிக்குக் காட்சி அப்படியே, வண்ணத்தில் எடுத்தார். உரையாடலும் பெரும்பாலும் பழையது; இசையும் பழையதே. ஆனால் ஹிச்காக்கின் படம், கதாநாயகி என்று நாம் நம்பிய பெண்ணைப் பாதிப் படத்துக்கு முன்னரே கொன்றுவிட்டு நம்மைத் திகைக்க வைத்த படம். படம் தொடங்கியபின் எவரையும் உள்ளே விடாதீர்கள் என்று அவர் கொட்டகைகளுக்குக் கட்டளையிட்டதும் அத்திகைப்பைக் காப்பதற்காகவே. 1998 இல் படம் பார்க்க வந்தோருக்கு அவள் குளியலறையில் இறப்பாள் என்பது முன்னமே தெரியும். காட்சிகளையெல்லாம் பெயர்த்துக் கொண்டுவந்தவராலே அந்தத் திகைப்பைக் கொண்டுவர முடியவில்லை.

இனி 2002 ஆம் ஆண்டுத் தேவதாஸுக்கு வருவோம். சஞ்சய் லீலா பன்சாலி இயக்கியது; ஷாருக் கான், ஐசுவர்யா ராய், மாதுரி தீட்சித் நடித்தது. இந்தியாவில் அதுவரை எடுத்த படங்களுள் மிகுந்த செலவுடையது என்று பேசப்பட்டது. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவிலும் காட்டப்பட்டது. கல்கத்தாவில் படித்துத் திரும்ப வேண்டியவன் இலண்டனிலிருந்து திரும்புகிறான். அயல் வீட்டுப் பெண்ணின் வீடு வண்ணக் கண்ணாடி மாளிகையாக நிற்கிறது. பெண் வீட்டாரின் எளிமையைக் காரணமாகக் கொண்டு மறுக்கப்பட்ட திருமணம் அல்லவா இது? அந்தக் கண்ணாடி மாளிகையைப் பார்த்தால் மறுக்க யாருக்கு மனம் வரும்!

மணம் முடிவான பின்னர், தேவதாஸ் கோபத்தில் பார்வதியின் நெற்றியில் அடித்து வடுவை உண்டாக்கும் இடம் ஒன்று உண்டு. நாவலில் அவன் கையில் இருப்பது தூண்டிற் கம்பு. குளக்கரையில் மீன்பிடித்துக் கொண்டிருந்தவன், கையில் அகப்பட்டதைக் கொண்டு அடித்துவிடுகிறான். சிறுவயதில் அவளை அடித்த அதே சிறுவன் இன்னும் அவனுக்குள் இருக்கிறான் என்பது அந்த ஒரு கம்பினால் விளங்கிவிடும். 2002 ஆம் ஆண்டுப் படத்திலோ அவன் அடிப்பது முத்துமாலையால். கண்ணுக்கு அழகுதான். ஆனால் குளமும் கம்பும் போனபோது அந்தச் சிறுவனும் போய்விட்டான்.

பிமல் ராய் பேச்சின்றிக் கடக்கவிட்ட இரு பெண்களையும் பன்சாலியும் சந்திக்க வைத்தார். துர்க்கா பூசையிலே இருவரையும் கைகோத்து ஆட வைத்தார். அந்த நடனத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நாட்டியம் அறிந்தவர்களும் வியந்து பார்த்த நடனம் அது. வெள்ளையிலும் சிவப்பிலும் இரு பெண்கள் சுழலும்போது கண் அகல மறுக்கிறது. ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். பாதையிலே ஒருவரையொருவர் அறியாமற் கடந்தவர்களைப் பார்த்து நாம் மனத்துக்குள் எதையெதையோ பேசிக்கொண்டோம். இங்கே அவர்களே எல்லாவற்றையும் பேசி, ஆடி முடித்துவிடுகிறார்கள். நமக்குப் பேச எதுவும் மிச்சமில்லை. பழைய படத்தின்மேல் உள்ள பாசத்தினால் மாத்திரம் இதைச் சொல்கிறேனோ என்று என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை என்றே எண்ணுகிறேன். 2002 இல் பதினைந்து வயதாயிருந்தவர்களுக்கு அந்தச் சிவப்பும் வெள்ளையுமே மூலம் என்பதையும் அறிவேன்.

2009 இல் அனுராக் காசியப் எடுத்த 'தேவ். டி' பழைய பக்தர்களுக்கு முற்றும் ஒவ்வாதது. கதை பஞ்சாபுக்கும் தில்லிக்கும் போய்விட்டது, தேவன் சாகவுமில்லை. சந்திரமுகியோடு வாழத் தொடங்குகிறான். முரட்டுத்தனமான படந்தான். ஆயினும், ஒரு பெண்ணை இழந்தவன் குடித்தே சாகவேண்டும் என்பது எந்த ஊர் நியதி என்று முதன்முதலாகத் துணிந்து கேட்ட படம் அதுவே. பருவாவின் நிழலில் ஒதுங்காமல் நிற்கின்ற படம் என்ற அளவில், பிமல் ராயின் படத்துக்கு அது பன்சாலியின் படத்தைவிட நெருங்கிய உறவு என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வரக்கூடும்.

நேயர்களே, இப்படங்களுட் சிலவற்றை இப்பொழுது வீட்டிலிருந்தபடியே பார்க்கமுடிகிறது. இயலுமானால் ஓர் இரவு சைகலின் படத்தையும் மறு இரவு பிமல் ராயின் படத்தையும் பாருங்கள். சைகலின் படத்திலே ஒளி தேவதாஸின் முகத்தில் எப்படி விழுகிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அந்த ஒளியை அமைத்தவர் பிமல் ராய். மறு இரவு அவருடைய படம் தொடங்கும்போது, எழுத்துக்கள் ஓடும் வேளையிலே தேநீருக்கு எழுந்து போய்விடாதீர்கள். சைகல் 1947 இலும் பருவா 1951 இலும் மறைந்துவிட்டனர். அந்த இருவரின் பெயரையும் எழுதி, இப்படத்தை அவர்களுடைய நினைவுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார் பிமல் ராய்.