தரிப்பிடத்தை விட்ட பேருந்து

பேருந்து தரிப்பிடத்தை விட்டுப் புறப்படுகையில் அதனுள் நிற்பவர் பின்னோக்கிச் சாய்கின்றார். அது ஒரே வேகத்தில் ஓடத் தொடங்கியதும் அச்சாய்வு மறைந்துவிடுகின்றது. வேகம் இருக்கின்றது, வேகமாற்றந்தான் இல்லை. அம்மாற்றத்தின் வீதத்தையே பௌதிகவியலார் ஆர்முடுகல் என்பர். வேகம் செக்கனுக்குச் செக்கன் ஒரே அளவாற் கூடுமாயின் அது சீரான ஆர்முடுகல்.

ஓய்விலிருந்து புறப்பட்ட பேருந்தொன்று 8 செக்கனில் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தை அடைகின்றது எனக் கொள்வோம். முதலில் அலகைத் திருத்துதல் வேண்டும். 36,000 மீற்றரை 3,600 செக்கனாற் பிரித்தால் செக்கனுக்கு 10 மீற்றர். எட்டுச் செக்கனிற் பத்துக் கூடிற்று. எனவே ஒவ்வொரு செக்கனிலும் கூடியது 1.25. இதனைச் செக்கனுக்குச் செக்கன் 1.25 மீற்றர் என்பர். செக்கன் இருமுறை வருவது கண்டு மாணவர் மருளுவர். ஒன்று வேகத்துக்கு உரியது. மற்றையது அவ்வேகம் கூடுதற்கு எடுத்த காலத்துக்கு உரியது.

இனி, அந்த 8 செக்கனில் ஓடிய தூரம் யாது? பத்தை எட்டாற் பெருக்கி 80 மீற்றர் என எழுதும் மாணவர் பலர். பேருந்து தொடக்கம் முதலே 10 மீற்றர் வேகத்தில் ஓடவில்லையே! பூச்சியத்துக்கும் பத்துக்கும் சராசரி 5. ஆகவே தூரம் 40 மீற்றர். இச்சராசரி விதியை, வேகமானியோ மோட்டார் வண்டியோ இல்லாத 14ஆம் நூற்றாண்டிலேயே ஒக்ஸ்போட் மேட்டன் கல்லூரி அறிஞர் சிந்தனையாற் கண்டனர். கலைப்பட்டதாரியாகிய எனக்கு இச்செய்தி இன்றும் வியப்பளிப்பது. கலிலியோ 1638இல் வெளிவந்த தமது நூலில் இதன் மற்றோர் அழகைக் காட்டினார். நமது பேருந்து முதல் இரு செக்கனில் 2.5 மீற்றரும், அடுத்தடுத்த இவ்விரு செக்கன்களில் 7.5, 12.5, 17.5 மீற்றரும் ஓடும். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்னும் ஒற்றை எண்களின் விகிதம் அது.

வேகங் குறைதல் அமர்முடுகல். கணக்கு அதுவே, ஆயின் இங்கே உயிர் தொங்குகின்றது. உலர்ந்த வீதியில் இரு வண்டிகள் வருகின்றன: ஒன்று செக்கனுக்கு 10 மீற்றர், மற்றையது 20. பிள்ளையொன்று குறுக்கே ஓடுவதைச் சாரதி கண்டு தடுப்பை மிதிக்க ஒரு செக்கன் செல்லும் எனவும், அமர்முடுகல் 5 எனவும் கொள்வோம். முதல் வண்டி மிதிக்குமுன் 10 மீற்றரும், மிதித்தபின் இரண்டு செக்கனிற் சராசரி 5 மீற்றர் வீதம் 10 மீற்றருமாக 20 மீற்றரில் நிற்கும். இரண்டாவது வண்டி மிதிக்குமுன்னரே 20 மீற்றர் ஓடிவிடும், மிதித்தபின் நான்கு செக்கனில் 40 மீற்றர், ஆக 60. வேகம் இருமடங்கு, தடுப்புத் தூரமோ நான்மடங்கு.

முதல் வண்டி நின்ற அவ்விடத்தை இரண்டாவது வண்டி கடக்கையில், அதன் வேகம் சிறிதும் குறைந்திராது. சாரதியின் கால் அப்பொழுதுதான் தடுப்பைத் தொடும்.

மழையில் அமர்முடுகல் 2.5 ஆகக் குறைந்தால் இரண்டாவது வண்டி நிற்பதற்கு 100 மீற்றர் வேண்டும். விளையாட்டுப் போட்டிக்காக நமது மைதானத்திற் சுண்ணாம்புக் கோடிடும் ஓட்டப்பாதையின் நீளம் அது.