பயணச்சீட்டுக் கேளாத பேருந்து

பிராங்பேர்ட் மாநகரில் வாழும் எமக்குப் பேருந்து ஒரு பொருட்டன்று. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வந்துவிடும். ஆனால் தாவுனுஸ், ஒடன்வால்ட், ஸ்பெசார்ட் மலைகளின் பள்ளத்தாக்குக் கிராமங்களில் நிலைமை வேறு. அங்கு நேர அட்டவணை பெரும்பாலும் பாடசாலை மாணவரை ஒட்டியே அமைகின்றது. மாலையிலும் ஞாயிறன்றும் தரிப்பிடங்கள் வெறிச்சோடிக் கிடக்கும்.

இதனை எம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் சுவல்பாக் முகாமிலிருந்து கிராமங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டோர் இன்றும் அதனை மறந்திலர். மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கு அனுமதிக் கடிதம் வேண்டும். அது கிடைத்தாலும் பேருந்து கிடையாது. 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அக்கட்டுப்பாடு 2015 இல் தளர்த்தப்பட்டது. பேருந்து அட்டவணையோ தளரவில்லை. அன்று அங்கேயே வேரூன்றியவர்கள் இன்று முதுமையை எட்டியுள்ளனர். வைத்தியரிடம் போவதற்குப் பிள்ளைகளின் விடுமுறை நாளைப் பார்த்திருக்க வேண்டியுள்ளது.

இக்குறையைத் தீர்க்கவே 'பூர்கர்புஸ்' எனப்படும் மக்கள் பேருந்து தோன்றியது. ஜேர்மனியில் முதன்முதலாக 1985 இல் மேற்கே ஹேக், லெக்டன் என்னும் சிற்றூர்களில் அது ஓடத் தொடங்கிற்று. எட்டுப் பயணிகள் அமரும் சிறுவண்டி. ஊதியம் பெறாத சாரதிகள், அவர்களிற் பலர் ஓய்வூதியர். ஹெசன் மாநில அரசு 2018 இல் தொடங்கிய திட்டத்தின் கீழ்ப் பல ஊர்களுக்கு இத்தகைய வண்டிகளை வழங்கியது. முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவைத்தால் வீட்டு வாசலுக்கே வருவனவும் உண்டு. எம்மூர்த் தட்டிவான் சாரதியைப் போலப் பையைத் தூக்கி வைக்கவும் இவர்கள் தயங்குவதில்லை.

பலவற்றில் கட்டணம் இல்லை. உண்டியல் மட்டுமே உண்டு. இதற்குத் தாராள மனம் மட்டும் காரணமன்று. கட்டணமின்றியோ, ஓட்டச் செலவுக்கு மேற்படாத தொகை பெற்றோ சிறுவண்டியில் ஆட்களை ஏற்றிச் சென்றால், பயணிகள் போக்குவரத்துச் சட்டத்தின் அனுமதி தேவையில்லை. இலாபம் கருதினாலே சிக்கல் தொடங்கும்.

இலவசம் என்றால் எவர் ஏறுவர் என ஐயுறுவோர் உளர். பிராண்டன்பேர்க்கின் டெம்ப்ளின் நகரம் 1997 இறுதியில் கட்டணத்தை நீக்கியபோது ஆண்டுக்கு ஏறத்தாழ 41,000 ஆக இருந்த பயணங்கள் 2000 ஆம் ஆண்டளவில் ஐந்து இலட்சத்தைத் தாண்டின. நடந்தும் மிதிவண்டியிலும் சென்ற சிறுவரும் ஏறிக்கொண்டமை வேறு கதை. செலவைத் தாங்காது 2003 இல் மலிவான ஆண்டுச் சீட்டுக்கு மாறினர். தமிழ்நாட்டில் 2021 இல் தொடங்கிய மகளிர் இலவசப் பயணம் 2024 இல் நீலகிரி உள்ளிட்ட மலைப்பகுதிகளுக்கும் நீண்டது.

2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த நாடளாவிய மாதச்சீட்டை நாம் வரவேற்றோம். ஆயினும் வராத பேருந்துக்குச் சீட்டு எதற்கு?

கிராமங்களில் வாழும் எம்மவர் தத்தம் ஊர் நிர்வாக அலுவலகத்தில் மக்கள் பேருந்து உண்டா எனக் கேட்டறிய வேண்டும். சாதாரண வாகன ஓட்டுரிமம் வைத்திருக்கும் ஓய்வுபெற்றோர், வாரத்தில் ஓர் அரைநாள் தாமே சாரதியாகலாமா என்பதையும் அங்கேயே விசாரிக்கலாம்.