பாறைக்குச் சாதி இல்லை, கயிற்றுக்கு உண்டா?

கோலார் தங்கவயலில் நூறு ஆண்டுகளுக்கு மேல் பாறையோடு போராடினார்கள் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் பக்கத்து மலையில் நடக்கும் பாறையேற்ற விளையாட்டுக்கும் இடையே எத்தனை தூரம்?

விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்திலிருந்து ரயில் கிளம்பிவிடுகிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று பழைய சுரங்கங்களின் பெயர்களைத் தாங்கி நிற்கும் நிலையங்களில் ஆட்களை அள்ளிக்கொண்டு பெங்களூருக்கு ஓடுகிறது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, தங்கவயலுக்குச் சோறு போடுவது இந்த ரயில்தான்.

வாரக் கடைசியில் போக்குவரத்து எதிர்த்திசையில் நடக்கிறது. பெங்களூரிலிருந்து வேன்களிலும் பைக்குகளிலும் இளைஞர்கள் கோலாருக்கு வருகிறார்கள். ஊரையொட்டிய சதசிருங்க மலையில், அந்தரகங்கை சிவன் கோயிலுக்கு மேலே குவிந்து கிடக்கும் பாறைகளிலும் குகைகளிலும் ஏறி இறங்குவதற்காக. தோளில் கயிறு, இடுப்பில் பட்டை, தலையில் விளக்கு. தங்கவயல் அங்கிருந்து 30 கிலோமீட்டர்தான். தலையில் விளக்கோடு பாறைக்குள் போனவர்களின் ஊர் அது.

பாறை ஏறும் உலகில் அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்று உண்டு: பாறை ஆள் பார்ப்பதில்லை. ஏறுபவன் என்ன சாதி, என்ன மதம், எவ்வளவு சம்பளம் என்று அது கேட்பதில்லை. கை வழுக்கினால் கோடீஸ்வரனும் விழுவான். உண்மைதான். ஆனால் பாதி உண்மை. பாறையின் அடிவாரம்வரை வந்து சேருவதற்கு நேரம் வேண்டும், பணம் வேண்டும், சொல்லித்தர ஆள் வேண்டும், பெரும்பாலும் ஆங்கிலமும் வேண்டும். இதற்கென்றே செய்த காலணி ஒரு ஜோடி பல ஆயிரம் ரூபாய். கயிறும் கொக்கிகளும் தனி. ஆள் பார்க்காத பாறைக்குப் போகும் வழியெல்லாம் ஆள் பார்க்கிறது.

இது தங்கவயலுக்குப் பழகிய கதை. 1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே வேலையைத் தொடங்கிய பின், வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். மேலே நிர்வாகத்தில் வெள்ளையர், நடுவே மேற்பார்வைக்கு ஆங்கிலோ இந்தியர், பாறையைக் குடையும் இடத்தில் தமிழர் என்று ஏணி கச்சிதமாக அமைந்தது. ஒரு பக்கம் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். மறுபக்கம் ‘லைன்’ வீடுகள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதை இங்கே ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். அதில் போன உயிர்கள் பல. நுரையீரலைத் தின்ற சிலிக்கா தூசியால் போனவை இன்னும் அதிகம்.

இத்தனைக்கும் நடுவில் இந்த மக்கள் தலைகுனிந்து கிடக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் 1926ல் மீண்டும் உயிர்பெற்றது சாம்பியன் ரீஃபிலிருந்துதான். தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது 1930ல் மூன்று வாரம் போல வேலையை நிறுத்திக் காட்டினார்கள்.

பாறையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது கொஞ்சமல்ல. சுரங்கத் தொழிலாளி கம்பியால் கூரையைத் தட்டி ஓசையைக் கேட்பார். ‘கணீர்’ என்றால் உறுதி. பொத்தென்று கேட்டால் ஒதுங்க வேண்டும். பாறை ஏறுபவரும் பிடிமானத்தை முதலில் தட்டித்தான் பார்க்கிறார். மேலே ஏறுபவரின் உயிர் கீழே கயிறு பிடித்து நிற்பவரின் கையில் இருக்கிறது. கூண்டில் இறங்கிய தொழிலாளியின் உயிரும் அப்படித்தான், மேலே வைண்டிங் எஞ்சின் ஓட்டியவரின் கையில் இருந்தது. ஒன்று பொழுதுபோக்கு, மற்றொன்று பிழைப்பு. முன்னதற்குப் பெயர் சாகசம். பின்னதற்குப் பெயர் கூலி வேலை.

பெயர் வைப்பதில்தான் பாரபட்சம் முதலில் தலைகாட்டுகிறது. சித்ரதுர்கா கோட்டைச் சுவர்களில் கயிறில்லாமல் ஏறிப் புகழ்பெற்ற ஜோதிராஜ், தேனி மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். கட்டட வேலை செய்து பிழைத்தவர். குரங்குகளைப் பார்த்தே ஏறக் கற்றுக்கொண்டவருக்குக் கர்நாடகம் கொடுத்த பெயர் ‘கோத்தி ராஜ்’. கன்னடத்தில் கோத்தி என்றால் குரங்கு. அவர் அதைப் பெருமையாகவே சுமக்கிறார். அமெரிக்காவின் அலெக்ஸ் ஹோனால்ட் 2017 ஜூன் 3ஆம் தேதி சுமார் 900 மீட்டர் உயரமுள்ள எல் கேப்பிடன் பாறையில் கயிறில்லாமல் ஏறினார். அந்த ஏற்றத்தைப் பற்றிய ஆவணப்படத்துக்கு 2019ல் ஆஸ்கர் கிடைத்தது. இரண்டு பாறைகளும் ஒன்றல்ல, இரண்டு ஏற்றங்களும் ஒன்றல்ல. ஆனால் ஒருவர் உலகத்துக்கு வீரர். மற்றவர் சுற்றுலாப் பயணிகளுக்கு வேடிக்கை.

மேலைநாட்டிலும் இந்த நோய் உண்டு. ஒரு பாதையில் முதலில் ஏறியவரே அதற்குப் பெயர் வைக்கலாம் என்பது பாறையேற்ற மரபு. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் டென் ஸ்லீப் பள்ளத்தாக்கில் ஒரு பாறைக்கு ‘அடிமைச் சுவர்’ என்றே பெயர் இருந்தது. அதிலிருந்த பாதைகளின் பெயர்களும் அடிமை முறையைக் கேலிப்பொருளாக்கின. 2020ல் எதிர்ப்பு வலுத்த பிறகே அவை மாறின. எவரெஸ்ட்டின் கதையும் இதே ரகம். 1953ல் உச்சியைத் தொட்ட இருவரில் ஹிலாரிக்கு பிரிட்டன் ‘சர்’ பட்டம் தந்தது. டென்சிங்குக்கு ஜார்ஜ் மெடல்.

‘விளையாட்டில் எதற்கு அரசியல்? யார் வேண்டுமானாலும் வரலாமே, தடுத்தது யார்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கான பதில் ஹைதராபாத் அருகே புவனகிரிக் கோட்டைப் பாறையில் இருக்கிறது. அன்றைய ஆந்திரப் பிரதேச அரசின் சமூகநல உண்டு உறைவிடப் பள்ளிகளை நிர்வகித்த ஐ.பி.எஸ். அதிகாரி ஆர்.எஸ். பிரவீண்குமார், தலித், பழங்குடி மாணவர்களை அந்தப் பாறைக்கு அனுப்பினார். காலணியும் கயிறும் பயிற்சியும் அரசுச் செலவு. அங்கே தேறியவர்களிலிருந்து படிப்படியாக வடிகட்டி மிஞ்சியவர்கள் இரண்டு பேர்: லம்பாடி பழங்குடிச் சிறுமி மாலாவத் பூர்ணா, தலித் மாணவர் ஆனந்த்குமார். 2014 மே 25ஆம் தேதி இருவரும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். பூர்ணாவுக்கு அப்போது 13 வயது 11 மாதம். எவரெஸ்ட் ஏறிய பெண்களிலேயே மிக இளையவர். 2022க்குள் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் தொட்டு முடித்தார்.

அந்தப் பிள்ளைகளை அதற்கு முன் யாரும் தடுக்கவில்லை. யாரும் அழைக்கவும் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். ‘கதவு திறந்துதான் இருக்கிறது’ என்பது வேறு. வாசல்வரை போய்க் கூட்டி வருவது வேறு.

உடல் ஊனமும் இப்படித்தான். போலியோ தாக்கிய காலோடு பாறை ஏறி, மாற்றுத்திறனாளிகளுக்கான உலகப் போட்டிகளில் பதக்கம் வென்ற மணிகண்டன் பெங்களூர்க்காரர். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் பாராலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதல்முறையாக இடம்பெற இருக்கிறது. போட்டி என்று ஒன்று வைத்த பிறகுதான் வீரர்கள் இருப்பதே வெளியே தெரிகிறது.

கர்நாடகத்தில் எதற்கும் குறைவில்லை. பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் ஏறுவதற்கென்றே கட்டிய சுவர் இருக்கிறது. ஜெனரல் திம்மய்யா பெயரில் அரசின் சாகசப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அந்தரகங்கையில் பாறை இருக்கிறது. தங்கவயல் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவற்றை இணைக்கும் கயிறு ஒன்றுதான் பாக்கி. தமிழிலும் கன்னடத்திலும் சொல்லித்தரும் பயிற்சியாளர், இரவல் கொடுக்க இருபது ஜோடி காலணி, கோலார்வரை ஒரு பஸ். செலவு என்று பார்த்தால் இவ்வளவே. பாறையைத் தட்டி அதன் குரல் கேட்கத் தெரிந்த முன்னாள் சுரங்கத் தொழிலாளர்கள் சிலரையும் உடன் அழைத்துப் போகலாம். பெங்களூர் இளைஞர்களுக்கும் அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

தாத்தாவை 3 கிலோமீட்டர் கீழே இறக்க இந்த நாடு கயிறு தேடிக் கொடுத்தது. பேத்தியை 30 மீட்டர் மேலே ஏற்றவும் ஒரு கயிறு கிடைக்காமலா போய்விடும்?